காத்திருக்காத சுவர்

ஃபுளோரன்ஸ் நகரத்தின் துறவு மடங்களில், சாப்பிடும் கூடத்துச் சுவரில் இயேசுவின் இறுதி இராவுணவை வரைவிப்பது பல தலைமுறைப் பழக்கம். சான்ட் அப்போலோனியா கன்னியர் மடத்தில் 1447இல் ஆந்திரேயா தெல் கஸ்தாஞோ வரைந்த சுவரோவியம் இன்றும் இருக்கிறது. பெண்கள் மட்டுமே உட்கார்ந்து உண்ட கூடம் அது. வரைய ஆண் வந்தார். வரைந்து முடித்ததும் கதவு மூடிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் மடம் கலைக்கப்படும்வரை வெளியுலகுக்கு அந்தச் சுவரைத் தெரியாது.

சுவரோவியம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அடுத்துச் சொல்லப்போவது புரியும். சுண்ணாம்பும் மணலும் குழைத்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் கரைத்த வண்ணத்தை அதில் ஏற்ற வேண்டும். பூச்சு காயும்போது வண்ணமும் சுவரோடு சுவராகிவிடும். காய்ந்தபின் தீட்டினால் உதிரும். எனவே அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காலையில் பூசுவார்கள். அந்த ஒருநாள் துண்டுக்கு இத்தாலியில் ‘ஜொர்னாத்தா’ என்று பெயர். சாரம் கட்ட ஆள், சுண்ணாம்பு குழைக்க ஆள், பூச ஆள், வண்ணம் அரைக்க ஆள் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், சிறுவயதிலேயே ஓர் ஆசானின் பட்டறையில் சேர்ந்து வேலை பழகியிருக்க வேண்டும். தகப்பன் ஓவியராக இருந்தாலொழிய அந்தப் பட்டறைக்குள் பெண்பிள்ளைக்கு வழியில்லை. திறமை இருந்தால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த ஆள்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு வெளியே நின்று வரைந்தவர் பிளவுத்தில்லா நெல்லி. 1524இல் ஃபுளோரன்ஸ் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்து, 14 வயதில் சியென்னாவின் புனித கத்தரீனாள் பெயரிலான தொமினிக்கன் கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்டார். மகளுக்கு மாப்பிள்ளை தேடக் கொடுக்கவேண்டிய சீதனத்தைவிட மடத்துக்குக் கட்டவேண்டிய தொகை மிகக் குறைவு. அந்நாளில் எத்தனையோ வசதியான வீடுகள் இப்படித்தான் மகள்களைக் கரையேற்றின. ஆனால் மடம் அவருக்கு ஒன்றைத் தந்தது. 1498இல் கொல்லப்பட்ட துறவி சவனரோலாவின் போதனைகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. கன்னியர் சும்மா இருக்காமல் பக்திப் படங்கள் வரையட்டும் என்று ஊக்குவித்தவர் அவர். ஓவியத் துறவி ஃபிரா பர்த்தலோமியோவின் கோட்டோவியங்களும் கைமாறிக் கைமாறி நெல்லியிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் வரையக் கற்றார். தன்னைப்போன்ற கன்னியருக்குக் கற்றும் கொடுத்தார். படங்கள் விற்றன, மடத்துக்கு வருமானம் வந்தது. மூன்று முறை மடத்தின் தலைவியாகவும் இருந்தார்.

1568 வாக்கில் அவர் தன் மடத்து உணவுக்கூடத்துக்கு இறுதி இராவுணவை வரைந்தார். கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம். சுவரோவியத்தின் அளவு, சுவரோவியத்தின் இடம். ஆனால் வரைந்தது கித்தானில், எண்ணெய் வண்ணத்தில். நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: ஈரச் சுவர் காத்திருக்காது. மடத்திலோ மணியடித்தால் ஜெபத்துக்கு எழுந்து போக வேண்டும், ஒரு நாளில் பலமுறை. எண்ணெய் வண்ணம் விட்ட இடத்தில் காத்திருக்கும், அடுத்த நாளும் காத்திருக்கும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பாதி எழுதிய வரிக்குத் திரும்பும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தவிர, 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் அடைப்பைக் கடுமையாக்கியிருந்தது. சாரம் கட்டும் ஆண்கள் நாள்கணக்கில் உள்ளே நடமாடுவது இனி எளிதல்ல.

ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி, 1568இல் வந்த தன் இரண்டாம் பதிப்பில் நெல்லியைக் குறிப்பிடுகிறார். ஆண்களைப்போலப் படிக்கவும் உயிருள்ள உடலைப் பார்த்து வரையவும் வாய்த்திருந்தால் அற்புதங்கள் செய்திருப்பார் என்கிறார். அவர் வரைந்த ஆண் முகங்களைவிடப் பெண் முகங்கள் மேல் என்றும் சொல்கிறார். கண்முன் இருந்தவர்கள் பெண்கள்தானே! பாராட்டுக்குள் ஒப்புக்கொள்ளப்பட்ட அநீதி இது. வசாரிக்கு அதில் உறுத்தல் ஏதுமில்லை.

அந்த மேசையைப் பாருங்கள். மடித்து வைத்திருந்த விரிப்பை விரித்ததும் தெரியும் மடிப்புத் தடங்களைக்கூட வரைந்திருக்கிறார். வறுத்த ஆட்டுக்குட்டி, கீரைத் தலைகள், பீன்ஸ், ரொட்டி, உப்புக் கிண்ணம், சீனப் பீங்கான். விரிப்பை மடித்து அலமாரியில் வைத்த கைகளுக்கு அந்தத் தடங்கள் பழக்கமானவை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் ஆட்சி அந்த மடத்தை மூடியது. ஓவியம் சாந்தா மரியா நொவெல்லாவுக்குப் போனது. சட்டத்திலிருந்து கழற்றப்பட்டுச் சுருட்டியும் கிடந்தது. அதை மீட்க முன்னின்றவர் ஜேன் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்கப் பெண். அவர் தொடங்கிய அமைப்பு சீடர் ஒவ்வொருவரையும் ‘தத்துக் கொடுத்து’ நிதி திரட்டியது. ரொஸ்ஸெல்லா லாரி நான்கு ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்தார். 2019 அக்டோபரில் ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தபோது ஜேன் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

ஓவியத்தின் மேல் மூலையில் இலத்தீனில் கையொப்பம் இருக்கிறது: ‘சகோதரி பிளவுத்தில்லா. ஓவியைக்காக மன்றாடுங்கள்.’ அங்கே ‘பிக்தோரா’ என்று பெண்பாலில் எழுதியிருக்கிறார். இலக்கண இலத்தீனில் அந்த வடிவம் சரியல்ல. ‘பிக்த்ரிக்ஸ்’ என்றிருக்க வேண்டும். பாடினி, விறலி என்ற சொற்களை நடத்தும் வகுப்பில், ஓவியனுக்குப் பெண்பால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். மாணவிகள் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘பெண் ஓவியர்’ என்கிறார்கள்.