வாக்கு அதேதான், வென்றவர் வேறு: தேர்தல் முறையை மாற்றலாமா?

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டி தாண்டியதும் வருவது எளாவூர். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஏரியில் எல்லா இடத்திலும் மீனும் இறாலும் ஒரே அளவில் கிடைக்காது. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போனால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. இதற்காக ஏரிக்கரைப் பட்டினவர் குப்பங்களில் காலங்காலமாக 'பாடு' என்று ஒரு முறை இருந்து வருகிறது. தலைக்கட்டுக்காரர்கள் கூடிச் சீட்டு எடுப்பார்கள். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டு முடிவு செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதியை முதலில் பேசி முடித்துவிடுகிறார்கள், சீட்டு அதன் பிறகுதான். எந்த இடம் தனக்கு வரும் என்று தெரியாதபோதுதான் மனிதன் நியாயமான விதிக்குச் சம்மதிப்பான்.

ஒரு நாட்டின் தேர்தல் முறையும் ஏறக்குறைய இதே சங்கதிதான். அதை மாற்றலாமா, மாற்றினால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதை வரலாற்றை வைத்துப் பார்ப்போம்.

மாற்றம் புதிதல்ல

தமிழ்நாட்டில் தேர்தல் என்றாலே உத்திரமேரூர் குடவோலை நினைவுக்கு வரும். ஆனால் அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது ஏறக்குறைய கி.பி. 919, 921. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதல் விதியில் 30 முதல் 60 என்று இருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 ஆனது. தகுதியின்மைப் பட்டியலும் விரிவானது. சொந்த நிலமும் வீடும் உள்ள பிராமணர்களின் சபை அது என்பதால் அதை இன்றைய ஜனநாயகத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் முறையில் ஓட்டை தெரிந்தால் திருத்த வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவும் தன் முறையை ஒருமுறை மாற்றியிருக்கிறது. இன்று பலருக்கு இது தெரியாது. 1952 பொதுத்தேர்தலில் மக்களவைக்கு 86 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரு பொது இடமும் ஒரு தனி இடமும் சேர்ந்த ஒரே தொகுதி, வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957இல் இப்படி 91 தொகுதிகள் இருந்தன. அந்த வருடம் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் வி.வி.கிரி போட்டியிட்டார். இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தனி இடம் போக மிச்சமிருந்தது பொது இடம், அது தனக்கே என்று கிரி வழக்குப் போட்டார். அதிக ஓட்டு வாங்கினால் பழங்குடி வேட்பாளரும் பொது இடத்தை வெல்லலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1962 முதல் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர்தான்.

இப்போதைய முறை செய்யும் கணக்கு

இந்தியாவில் இருப்பது, மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலே ஜெயித்துவிடும் முறை. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு பேர் நின்றால் 30 சதவீதம் வாங்கியவர்கூட உறுப்பினர் ஆகலாம். மீதி 70 சதவீத ஓட்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கியது சுமார் 44 சதவீதம். கிடைத்தது 39இல் 37 இடம். தி.மு.க. வாங்கியது 23 சதவீதத்துக்கு மேல். கிடைத்தது ஒன்றுமில்லை. சரியாகப் பத்து வருடம் கழித்து 2024இல் சக்கரம் சுற்றியது. தி.மு.க. கூட்டணி 39இல் 39. அ.தி.மு.க. 20 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியும் ஒரு இடம்கூட இல்லை. இதில் எந்தக் கட்சி நல்ல கட்சி என்பது நம் கேள்வி அல்ல. ஐந்தில் ஒரு வாக்காளருக்கு மேல் தேர்ந்தெடுத்த கட்சிக்கு மாநிலத்திலிருந்து ஒரு குரல்கூட இல்லை என்பதே கேள்வி.

அரசியல் நிர்ணய சபையிலேயே இது பேசப்பட்டது. 1949 ஜனவரியில் காஜி சையத் கரீமுதீன் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அந்த முறை சிக்கலாகும், சட்டசபை சின்னச் சின்னக் குழுக்களாகச் சிதறி அரசு நிலைக்காது என்பது அவர் வாதம். இதில் முதல் காரணம் இன்று பலவீனமாகிவிட்டது. இரண்டாவது காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாற்றிப் பார்த்த பக்கத்து நாடு

தேர்தல் முறையை முழுதாக மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். இலங்கை இருக்கிறது.

1947 முதல் 1977 வரை இலங்கையிலும் பெரும்பாலும் நம்மைப் போன்ற முறைதான். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 38 சதவீத ஓட்டு வாங்கி 17 இடம் பெற்றது. அதைவிடச் சற்றுக் குறைவாக, 37 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 91 இடம் பெற்றது. கூட்டணிக்கு அது விட்டுக்கொடுத்த தொகுதிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். எடுத்தாலும் அந்தக் கூட்டணி மொத்தம் வாங்கியது சுமார் 49 சதவீதம். கிடைத்தது 151இல் 116 இடம், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அந்தப் பலத்தில்தான் 1972 அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகச் சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29(2) பிரிவு அதில் காணாமல் போனது.

1977இல் காற்று திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 51 சதவீத ஓட்டு, 168இல் 140 இடம். சுதந்திரக் கட்சிக்கு 30 சதவீதத்தை ஒட்டிய ஓட்டு, 8 இடம். வடக்கு கிழக்கில் மட்டும் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 7 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி 18 இடம் பெற, அ.அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஒரே பகுதியில் குவிந்த ஓட்டுக்கு இந்த முறை பரிசு தரும். நாடு முழுக்கச் சிதறிய ஓட்டைத் தண்டிக்கும்.

அந்த 140 இடங்களை வைத்து ஜே.ஆர்.ஜெயவர்தனா 1978இல் புது அரசியலமைப்பு கொண்டு வந்தார். மாவட்ட அளவில் விகிதாச்சார முறை வந்தது. 1989இல் அந்த முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. இரண்டு தேர்தல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1977: ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீதம், 168இல் 140 இடம். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம், 8 இடம்.

1989: ஐக்கிய தேசியக் கட்சி 50.7 சதவீதம், 225இல் 125 இடம். சுதந்திரக் கட்சி 31.9 சதவீதம், 67 இடம்.

மக்கள் போட்ட ஓட்டு விகிதம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. எதிர்க்கட்சி மட்டும் 8லிருந்து 67 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருட இடைவெளியில் மாறியது கணக்குப் போடும் முறைதான்.

வரவு

மாற்றத்தால் வந்த நன்மைகளை முதலில் எழுதுவோம்.

ஒன்று, ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தம் வந்தது. ஓரளவு பெரிய கட்சி எதுவும் துடைத்தெறியப்படுவதில்லை.

இரண்டு, சின்னக் கட்சிகளுக்குப் பேரம் பேசும் சக்தி கிடைத்தது. 1978இல் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காத கட்சிக்கு இடம் இல்லை என்றிருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம்.அஷ்ரப் கேட்டதன் பேரில் 1988இல் இந்த வெட்டுப்புள்ளி 5 சதவீதமாகக் குறைந்தது. 1994இல் சந்திரிகாவின் கூட்டணி 105 இடத்தில் நின்றபோது, அறுதிப் பெரும்பான்மைக்கு முஸ்லிம் காங்கிரஸ் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று, பாதி ஓட்டை வாங்கிவிட்டு மூன்றில் இரண்டு பங்கு இடத்தோடு அரசியலமைப்பையே மாற்றுவது கடினமானது.

செலவு

இனி மறுபக்கம்.

ஒன்று, நிலையற்ற அரசுகள். 2000 அக்டோபர், 2001 டிசம்பர், 2004 ஏப்ரல் என்று நான்கு வருடத்துக்குள் மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்தன.

இரண்டு, உறுப்பினருக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு அறுந்தது. சாலை சரியில்லை என்றால் யாரைக் கேட்பது? மாவட்டத்துக்கே பத்துப் பேர் இருந்தால் ஒருவரும் பொறுப்பு இல்லை. நம் ஊரில் எம்.எல்.ஏ.வைத் திட்டவாவது ஒரு முகவரி இருக்கிறது.

மூன்று, விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடும் ஓட்டோடு, அந்தக் கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். விளைவு, ஒரே கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் எதிர்த்து மாவட்டம் முழுக்கப் பணத்தை இறைத்தார்கள்.

நான்கு, நல்ல மாற்றமும் கடினமானது. இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று 2000 ஆகஸ்டில் சந்திரிகா கொண்டு வந்த அரசியலமைப்பு வரைவு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் நின்றது. கெட்டதைத் தடுக்கும் பூட்டு நல்லதையும் தடுக்கும்.

ஐந்து, மாற்றத்தை மறுபடி மாற்றுவது எளிதல்ல. 2018 உள்ளாட்சித் தேர்தலுக்கு வட்டாரமும் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறை கொண்டு வந்தார்கள். நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டியது. மாகாண சபைகளுக்கும் அதே போல் 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய எல்லை அறிக்கையை 2018இல் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. மாகாண சபைத் தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. நஷ்டம் அதிகம் யாருக்கு? மாகாண சபையைத் தவிர வேறு அதிகார அமைப்பு இல்லாத வடக்கு கிழக்குத் தமிழருக்கு.

இன்னொரு செய்தியும் உண்டு. 2024இல் தேசிய மக்கள் சக்தி 61.56 சதவீத ஓட்டு வாங்கி 225இல் 159 இடம் பெற்றது. விகிதாச்சார முறையிலும் மூன்றில் இரண்டு பங்கு சாத்தியம்தான். ஆனால் அதற்கு உண்மையிலேயே பத்தில் ஆறு பேர் ஓட்டுப் போட வேண்டியிருந்தது.

யார் மாற்றுகிறார்கள்?

வரவு செலவு இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட சமமாக வருகிறது. முடிவு செய்ய வேண்டிய விஷயம் இன்னொன்று: யார், எப்போது மாற்றுவது?

ஜெயவர்தனா புது முறையைக் கொண்டு வந்தது நல்லதா கெட்டதா என்பதை விடுங்கள். பழைய முறை தந்த 140 இடங்களைக் கொண்டே, இனி யாருக்கும் அப்படிக் கிடைக்காத முறையை அவர் எழுதினார். பிறகு 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக வாக்கெடுப்பு நடத்தி, அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டார். நியாயமான முறை சட்டத்தில் இருந்தது, நியாயமில்லாத முறையில் வந்த பெரும்பான்மை நாற்காலியில் இருந்தது. நடுவில் 1983 கலவரம் நடந்து, போரும் தொடங்கிவிட்டது.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1978, 1981 தேர்தல்களில் அதிக ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி தோற்றது. 1986இல் ஒரு ஆணையம் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1993இல் மக்கள் வாக்கெடுப்பில் அது ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் மறுபடி மக்களைக் கேட்டார்கள், இதுவே இருக்கட்டும் என்றார்கள். அதே 2011இல் பிரிட்டனில் வேறொரு மாற்றம் வாக்கெடுப்புக்கு வந்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். இரண்டு முடிவையும் எடுத்தது வாக்காளர்கள்.

இந்தியாவிலும் 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை, இப்போதுள்ள தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக 25 சதவீத இடங்களைக் கட்சிப் பட்டியல் வழி நிரப்பலாம் என்றது. தொகுதிக்கு ஒரு முகவரியும் இருக்கும், 20 சதவீதம் வாங்கிய கட்சிக்கு ஒரு குரலும் இருக்கும்.

கம்பெனி சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 51 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் எல்லா இயக்குநர்களையும் தானே நியமித்துவிடக்கூடும் என்பதால், விரும்பும் கம்பெனி மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத இயக்குநர்களை விகிதாச்சார முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்று 1956 சட்டத்தின் 265ஆவது பிரிவும், 2013 சட்டத்தின் 163ஆவது பிரிவும் வழி விட்டிருக்கின்றன. சிறுபான்மைப் பங்குதாரருக்குத் தரும் பாதுகாப்பைச் சிறுபான்மை வாக்காளருக்கும் தரலாமா என்று யோசிப்பதில் தவறில்லை.

ஆனால் அந்த மாற்றம் ஆளும் கட்சியின் அவசரத்தில் வரக்கூடாது. எல்லாக் கட்சியும் பேசி, மக்களைக் கேட்டு, அடுத்த தேர்தலுக்கு அல்ல, அதற்கும் அடுத்த தேர்தலுக்கு நடைமுறைக்கு வர வேண்டும். அப்போது யார் ஆளும் கட்சி, யார் எதிர்க்கட்சி என்று யாருக்கும் தெரியாது.

பழவேற்காட்டின் பாடு முறையும் குறையில்லாதது அல்ல. அந்தத் தலைக்கட்டுப் பட்டியலில் சேராத மீனவர்கள் தங்களுக்கும் இடம் கேட்டு ஏரியில் பிணக்குகள் வந்திருக்கின்றன. சீட்டு எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டாலும், பானைக்குள் பெயரே இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை. தேர்தல் முறையை மாற்றப் பேசுபவர்கள், இப்போது யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், யாருடைய ஓட்டு பானைக்கு வெளியே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.