சூப்பர் மீட் பாய்

சூப்பர் மீட் பாய் என்பது எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபனெஸ் ஆகிய இரு அமெரிக்கர்கள் ‘டீம் மீட்’ என்னும் பெயரில் இணைந்து உருவாக்கி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட வீடியோ கேம் ஆகும். ஓடியும் தாவியும் ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குச் செல்வதையே ஆட்டமாகக் கொண்ட ‘பிளாட்ஃபார்ம்’ வகையைச் சேர்ந்த இது, பெருநிறுவனங்களின் பணமோ ஆணையோ இன்றிச் சிறு குழுவினர் தாமே ஆக்கும் ‘இண்டி’ விளையாட்டுகளுக்கு வீட்டுக் கன்சோல்களில் இடம் பிடித்துத் தந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இதன் முன்வடிவம் ‘மீட் பாய்’ என்னும் சிறிய ஃபிளாஷ் விளையாட்டாகும். இணைய உலாவியிலேயே இலவசமாக ஆடத்தக்க அதனை மெக்மில்லனும் நிரலாளர் ஜொனாதன் மெக்கென்டியும் மூன்றே வாரங்களில் உருவாக்கினர். அது 2008 அக்டோபரில் நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் வெளிவந்தது. மெக்மில்லன் அதற்கு முன்பே ‘கிஷ்’ என்னும் விளையாட்டின் வழியாக இண்டி வட்டாரத்தில் பெயர் பெற்றிருந்தார். கன்சோலுக்கு ஏற்ற பெரிய பதிப்பை உருவாக்க முனைந்தபோது ஓவியமும் கட்ட அமைப்பும் அவர் பொறுப்பாயின. ஆட்டத்தை இயக்கும் நிரல் முழுவதையும் ரெஃபனெஸ் எழுதினார். டேனி பரனோவ்ஸ்கி இசையமைத்தார். முதலில் நின்டெண்டோவின் ‘வீவேர்’ விற்பனைத் தளமே இலக்காக இருந்தது. ஆனால் அங்கே ஒரு விளையாட்டு 40 மெகாபைட் அளவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்ததால், பாதியை வெட்டி விற்பதைவிட விற்காமலிருப்பதே மேல் என்று கருதி அவர்கள் அத்திட்டத்தைக் கைவிட்டனர். 2010 அக்டோபர் 20 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலிலும், அடுத்த மாத இறுதியில் தனிக்கணினியிலும் சூப்பர் மீட் பாய் வெளியானது. 2012 தொடக்கத்திற்குள் அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

கதை மிக எளியது. தோலே இல்லாமல் சதைக் கட்டியாக இருக்கும் சிறுவன் மீட் பாய். அவனுடைய காதலி, காயத்துக்குப் போடும் கட்டுத்துணியாலான பேண்டேஜ் கேர்ள். உப்புப் பட்டாலே எரியும் உடலுக்குக் கட்டுத்துணியே துணையாக அமைந்திருப்பது வெறும் வேடிக்கை அன்று. ஒருவரின்றி மற்றவர் முழுமையடையாத உறவை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்தும் நுட்பம் அதில் உள்ளது. இவர்களைப் பிரிக்கும் வில்லன் டாக்டர் ஃபீட்டஸ். ‘ஃபீட்டஸ்’ என்னும் சொல் கருவிலுள்ள சிசுவைக் குறிக்கும். பெயருக்கேற்ப அவன் கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கும் பிறவாச் சிசுவாகவும், அக்குடுவையைத் தலையாகத் தாங்கிக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்த இயந்திர உடலாகவும் காட்சி தருகிறான். அவன் மீட் பாயை வெறுக்கிறான் என்பதைத் தவிர அவனது செயலுக்கு ஆழமான காரணம் எதையும் கதை தேடுவதில்லை.

ஆட்டத்தின் உண்மையான புதுமை அது மரணத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறது. பழைய பிளாட்ஃபார்ம் விளையாட்டுகள் ஆட்டக்காரருக்கு மூன்று உயிர்களைத் தந்து, அவை தீர்ந்தால் வெகுதூரம் பின்னே தள்ளின. அத்தண்டனை, மீண்டும் ஆட மீண்டும் காசு போடச் செய்த பழைய ஆர்கேட் இயந்திரங்களிலிருந்து வந்த வழக்கம். சூப்பர் மீட் பாயில் சுழலும் ரம்பங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் சாவு மிக எளிதில் நேர்கிறது. எனினும் உயிர்களுக்குக் கணக்கில்லை, காத்திருப்பும் இல்லை, சிதறிய நொடியிலேயே மீட் பாய் தொடக்கத்தில் நிற்கிறான். பெரும்பாலான கட்டங்கள் அரை நிமிடத்திற்குள் கடக்கத்தக்க அளவே உள்ளவை என்பதால், தோல்வியின் இழப்பு சில நொடிகளுக்கு மேல் போவதில்லை. இவ்வாறு தண்டனையைச் சுருக்கியதால்தான் தண்டனை பெரிதாக இருந்தால் தாங்க முடியாத கடினத்தையும் ஆட்டக்காரர் விரும்பி ஏற்கிறார். மீட் பாய் ஓடிய சுவரிலும் தரையிலும் படியும் செந்தடம் இறந்தபின்னும் அழியாமல் நின்று, எங்கே தவறினோம் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. கட்டத்தை முடித்ததும் அதுவரையிலான முயற்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் மீண்டும் ஓடுகின்றன: பல பத்து மீட் பாய்கள் ஒன்றாகப் புறப்பட்டு, ஒவ்வொருவராக மடிந்து, ஒருவன் மட்டும் போய்ச் சேர்கிறான். பட்ட பாடு முழுவதையும் கண்முன் நிறுத்தி வெற்றியாக மாற்றும் இக்காட்சி இவ்விளையாட்டின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

இந்த அமைப்பில் டாக்டர் ஃபீட்டஸுக்கு உரிய இடம் கதையில் உள்ளதைவிடப் பெரியது. மீட் பாய் சென்று சேரும் தறுவாயில் அவன் தோன்றிப் பேண்டேஜ் கேர்ளை அடித்துத் தூக்கிச் செல்கிறான். அந்த இழப்பே அடுத்த கட்டத்தின் தொடக்கமாகிறது. காடு, மருத்துவமனை, உப்பு ஆலை, நரகம் என்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்களில் நீளும் பயணத்தை இழுத்துச் செல்பவன் அவனே. நின்டெண்டோவின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் (1985) ஒவ்வொரு கோட்டையிலும் இளவரசி வேறிடத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஏமாற்றத்தை இது நினைவூட்டுகிறது. இரு தலைப்புகளின் ஆங்கில முதலெழுத்துகளும் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று. மீட் பாய்க்குத் தாக்கும் ஆற்றலே கிடையாது என்பதால், முதல் அத்தியாய இறுதியில் ஃபீட்டஸ் ரம்ப இயந்திரத்தை ஓட்டி வரும்போதும்கூட ஓடிப் பிழைப்பதே ஆட்டக்காரர் செய்யக்கூடியது. பெண் பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப அடிவாங்கும் பொருளாக வைத்தது இக்கதையின் குறையாகவே நிற்கிறது. பேண்டேஜ் கேர்ளையே ஆட்டக்காரர் இயக்கும் ‘காட்டன் ஆலி’ என்னும் இறுதி அத்தியாயம் அதனை ஓரளவுதான் ஈடுசெய்கிறது.

வெளியான ஆண்டின் டிசம்பரில், விலங்குரிமை அமைப்பான பீட்டா ‘சூப்பர் டோஃபு பாய்’ என்னும் கேலி விளையாட்டை வெளியிட்டது. டீம் மீட் சினங்கொள்ளாமல், சோயாக்கட்டியாலான அச்சிறுவனைத் தன் விளையாட்டுக்குள்ளேயே வலுவற்ற பாத்திரமாகச் சேர்த்துக்கொண்டது. லிசேன் பஜோ, ஜேம்ஸ் ஸ்விர்ஸ்கி ஆகியோர் இயக்கிய ‘இண்டி கேம்: தி மூவி’ (2012) ஆவணப்படம், வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் இருவரும் பட்ட பணமுடையையும் உழைப்பையும் பதிவு செய்து, விளையாட்டை ஆடாதவர்களிடமும் அவர்கள் பெயரைக் கொண்டு சேர்த்தது.

பின்னர் மெக்மில்லன் குழுவிலிருந்து விலகினார். அவரின்றி 2020 டிசம்பரில் வெளிவந்த ‘சூப்பர் மீட் பாய் ஃபாரெவர்’ விளையாட்டில் நாயகன் தானாகவே ஓடுகிறான். அவனுக்குக் குத்தும் ஆற்றலும் உண்டு. ஃபீட்டஸ் இம்முறை அவ்விணையரின் குழந்தையான நகெட்டைக் கடத்துகிறான். ஓட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஆட்டக்காரர் விரலில் இருந்ததே முதல் விளையாட்டின் உயிர் என்பதால், இம்மாற்றம் பழைய சுவைஞர்கள் பலருக்கு உவப்பாக இல்லை. 2023இல் வந்த ‘டாக்டர் ஃபீட்டஸின் மீன் மீட் மெஷின்’ தாவலையே விட்டுவிட்டு, ஒரே நிறத் துண்டுகளை நான்காகச் சேர்க்கும் புதிராக மாறியது. அதில் மீட் பாயின் நகல்களை ரம்பங்களுக்கு நடுவே இறக்கிச் சோதிப்பதே ஆட்டக்காரரின் வேலை. தலைப்பிலும் வில்லனின் பெயரே இருந்தது.