எல்லையோரத்து நினைவிடமும் பெயர் மறந்த ஊர்களும்

பஞ்சாப் மாநிலத்துப் பிரோஸ்பூர் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், சத்லஜ் ஆற்றங்கரையில் ஹுசைனிவாலா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. முஸ்லிம் பெரியவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இவ்வூர் இந்தியாவில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் கசூர் மாவட்டத்தில், சீக்கியப் பெயர் தாங்கிய கண்டா சிங் வாலா இருக்கிறது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையில் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன.

ஹுசைனிவாலாவை வரலாற்றில் நிறுத்திய நாள் 1931 மார்ச் 23. அன்று மாலை லாகூர் மத்திய சிறையில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும், குறித்த நாளுக்கு முன்னதாகவே தூக்கிலிடப்பட்டனர். மக்கள் கொந்தளிப்புக்கு அஞ்சிய ஆங்கில ஆட்சியினர், உடல்களை இரவோடிரவாகக் கொண்டுசென்று சத்லஜ் கரையில் எரித்தனர். 1965 இல் மறைந்த அவர்தம் தோழர் படுகேஷ்வர் தத்தும் தமது விருப்பப்படி இங்கேயே எரியூட்டப்பட்டார்.

பிரிவினையின்போது அந்நிலம் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1961 இல் சுலைமான்கி நீரணைக்கு அருகிலிருந்த 12 கிராமங்களைக் கொடுத்து இந்தியா அதனைப் பெற்றுக்கொண்டது. 1968 இல் அங்கு நினைவிடம் எழுப்பப்பட்டது. 1971 டிசம்பர்ப் போரில் அப்பகுதி பாகிஸ்தான் படையினர் வசமானது, நினைவிடம் சிதைக்கப்பட்டது. 1973 இல் அது மீளக் கட்டப்பட்டது.

இன்று ஹுசைனிவாலா ஒரு தேசபக்திச் சுற்றுலாத் தலம். மாலைதோறும் இருநாட்டுப் படையினரும் மிடுக்குடன் நடைபோட்டுத் தத்தம் கொடியை இறக்குவதைக் காண மக்கள் திரள்கின்றனர். மார்ச் 23 இல் தியாகிகள் விழா நடைபெறும். முன்னர் லாகூர்வரை சென்ற இருப்புப்பாதை இங்கேயே முடிந்துவிட, அவ்விழாவுக்கெனச் சிறப்புப் புகையிரதம் ஓடும். 2025 மே மாத மோதலின்போது கொடியிறக்கத்தைக் காண மக்கள் அனுமதிக்கப்படவில்லை. பின்னர் அனுமதித்தபோது எல்லை வாயில்கள் திறக்கப்படவில்லை, கைகுலுக்கலும் இடம்பெறவில்லை.

தியாகிகளை மதிப்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின், கொடியிறக்கத்தோடு அவ்வூரின் கதை முடிந்துவிடுவதில்லை. எல்லை வேலிக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையே வயல் வைத்திருக்கும் உழவர்கள், படையினர் வாயில் திறக்கும் நேரத்திலேயே தம் நிலத்துக்குச் செல்ல முடியும். 2023 இலும் 2025 இலும் சத்லஜ் பெருகியபோது பிரோஸ்பூரின் எல்லையோரக் கிராமங்கள் நீரில் மூழ்கின. பார்வையாளர் மாலையில் திரும்பிவிடுவர். இம்மக்கள் திரும்பிச் செல்ல வேறிடம் இல்லை.

பகத் சிங் பிறந்த ஊரும் தூக்கிலிடப்பட்ட சிறையிருந்த இடமும் இன்று பாகிஸ்தானில் உள்ளன. அச்சிறை இருந்த லாகூர்ச் சந்தியில் பாகிஸ்தானியர் சிலர் ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றி, அதற்கு அவர் பெயரைச் சூட்டுமாறு கோரி வருகின்றனர். அவர் உயிர் கொடுத்த காலத்தில் இந்த எல்லையே இருக்கவில்லை. எல்லையில் நின்று எழுப்பும் முழக்கத்தால் அவரை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவராக்கிவிட முடியாது.

ஒரு நினைவிடத்துக்காக 12 கிராமங்கள் கைமாறின. அவற்றின் பெயர்களைச் சுற்றுலா வருவோருக்கு எவர் சொல்வர்? ஊரை இழந்து வந்த எமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. வீரர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், எமது ஊர்களின், ஒழுங்கைகளின், குளங்களின் பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லிவைப்போம். அரசுகள் நினைவிடம் எழுப்பும். ஊரின் பெயரைக் காப்பது அங்கு வாழ்ந்தவர் கடமை.