கடல் கடந்த தபால் தலைகள்

மாணவ நண்பர்களே, ஒரு தபால் தலை எந்த நாட்டினது என்று கேட்டால், அதில் அச்சிட்டுள்ள பெயரைப் படித்து உடனே விடை கூறிவிடுவீர்கள். அது எந்த நாட்டில் ஒட்டப்பட்டது என்று கேட்டால்? அந்த விடை பெரும்பாலும் தலையின் அச்சில் இல்லை. அதன்மேல் விழுந்த முத்திரையில் இருக்கிறது. இந்தியாவின் பெயர் தாங்கிய தலைகள் சிங்கப்பூரிலும், சான்சிபாரிலும், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலும், திபெத்திலும் விற்கப்பட்ட காலம் உண்டு. ஏன் என்று ஆராயப் புகுந்தால், பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை வரலாற்றுப் பாடமாகிவிடும்.

பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றையும் 1826-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒன்றாக்கினர். பின்னர் அவற்றின் ஆட்சி கல்கத்தாவுக்கு உட்பட்டது. ஆகவே 1854-இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான தலைகள் வெளிவந்தபோது, அவையே அங்கும் வழங்கின. அங்குள்ள கடைத்தெருவில் புழங்கியவையோ டாலரும் சென்ட்டும். தலையில் குறித்திருந்ததோ அணாக் கணக்கு. தங்கள் மீது இந்திய நாணயத்தைச் சுமத்துவதா என்று அவ்வூர் வணிகர்கள் குறைகூறினர். கல்கத்தாவின் ஆட்சி வேண்டாம் என்று அவர்கள் கிளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1867 ஏப்ரல் முதல் நாள் அக்குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. அவ்வாண்டு செப்டம்பரில், இந்தியத் தலைகளின்மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு விற்றார்கள். அரையணாத் தலை ஒன்றரைச் சென்ட் தலையாயிற்று. ஆட்சி கைமாறிய செய்தியை அச்சிறு தாளில் இன்றும் படிக்கலாம்.

அதற்கு முற்பட்ட தலைகளை அடையாளங் காண்பது எவ்வாறு? அக்காலத்து முத்திரையில் ஊரின் பெயர் இராது; சிறு வைரக் கட்டங்களாலான எண்கோணத்தின் நடுவே ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். பி 172 என்றால் சிங்கப்பூர். பி 147 பினாங்கு. பி 109 மலாக்கா. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எளிதிற் கிடைக்கும் ஓர் இந்தியத் தலையும் அரிய பொருளாகிவிடுகிறது. அரியது என்றவுடன் போலி முத்திரையும் வந்து சேர்கிறது. ஆகவே காலத்தையும் ஒத்துப்பார்க்க வேண்டும். விக்டோரியா அரசியின் உருவங் கொண்ட தலைகளுள், 1854-இன் முதல் தலைகளில் "இந்தியா" என்றும், அவற்றை அடுத்து வந்தவற்றில் "ஈஸ்ட் இந்தியா" என்றும் இருந்தது. "இந்தியா" என்ற பெயர் மட்டும் 1882 முதல் மீண்டும் வந்தது. 1882 முதல் வந்த இத்தகைய தலையின்மேல் பி 172 முத்திரை காணப்பட்டால், ஐயமுற்றே நோக்க வேண்டும். அத்தலை பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டு முன்னரே சிங்கப்பூர் இந்தியத் தபாலை விட்டு நீங்கிவிட்டது அன்றோ?

இவ்வாறு ஓர் அரசு தன் ஆட்சியிலுள்ள ஊரில் தபால் நிலையம் வைப்பது ஒரு வகை. மற்றோர் அரசனுடைய நாட்டில் சென்று வைப்பது வேறு வகை. துருக்கிப் பேரரசில் பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகள் தத்தம் தபால் நிலையங்களை நடத்தின. பழைய உடன்படிக்கைகளால் ஐரோப்பியர் பெற்றிருந்த தனிச் சலுகைகளே அதற்குத் துணையாயின. பிரிட்டிஷ் தலைமேல் "சி" என்ற எழுத்து மட்டும் இருந்தால் கான்ஸ்டாண்டிநோபிள். எஃப் 87 ஸ்மிர்னா. ஜி 06 பெய்ரூத். துருக்கி நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தபோது, அங்கே மலிவாகத் தலைகளை வாங்கி இலண்டனில் விற்று ஊதியம் காண வழி பிறந்தது. அதனை அடைக்கவே 1885-இல் பிரிட்டிஷ் தலைகளின்மேல் பாரா, பியாஸ்டர் என்னும் துருக்கி மதிப்புகளை அச்சிட்டனர்.

தன் தலைநகரின் தெருவிலேயே பிறர் தபால் நிலையம் நடத்துவதை எந்த நாடு விரும்பும்? உலகப் போர் மூண்டதும், 1914 அக்டோபரில் துருக்கி அவற்றை மூடிற்று. போருக்குப் பின் மீண்டும் திறந்தவை 1923-இல் லோசான் உடன்படிக்கையோடு ஒழிந்தன. சீனாவில் இருந்த அயல்நாட்டுத் தபால் நிலையங்களுள் பெரும்பாலானவை, வாஷிங்டன் மாநாட்டின் முடிவுப்படி 1922-இன் இறுதியில் மூடப்பட்டன. நம் நாடும் இதற்கு விலக்கன்று. பிரிட்டிஷ் படையெடுப்பின் பின் திபெத்தில் யாதுங், கியாந்ட்சே முதலிய இடங்களில் ஏற்பட்ட இந்தியத் தபால் நிலையங்களை, விடுதலை பெற்ற இந்தியாவும் சில ஆண்டுகள் நடத்திற்று. 1954 உடன்படிக்கையின்படி 1955 ஏப்ரலில் அவை சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் வரலாற்றாசிரியனாக இருந்தபோது, நாகப்பட்டினத்து வணிகக் குடும்பத்து மாணவன் ஒருவன், பரண்மேல் கிடந்த பழைய கடித உறை ஒன்றை எனக்குக் கொண்டுவந்தான். நான் அதைத் தண்ணீரில் நனைத்துத் தலையை மட்டும் உரித்தெடுத்தேன். மை கரைந்த உறையை எறிந்துவிட்டேன். கரிய முத்திரை அரசியின் முகத்தைக் கெடுத்துவிட்டதே என்று வருந்தவும் செய்தேன். பல ஆண்டு கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, அந்தக் கறை பி 147 என்று தெரிந்தது. பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த கடிதம்! எழுதியவர் யார்? எந்த நாளில், எவருக்கு எழுதினார்? இவற்றையெல்லாம் சொல்லக்கூடியதாயிருந்த உறையை என் கையாலேயே அழித்துவிட்டேன். தலை இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் வரலாறு இல்லை.

ஆகையால் இளைஞர்களே, பழைய உறை கிடைத்தால் தலையை உரிக்காதீர்கள். முன்புறம், பின்புறம் இரண்டிலும் உள்ள முத்திரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து, எந்த வீட்டிலிருந்து கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அழகிய தலையைத் தேடுவோர் பலர். கறை படிந்த தலையை நின்று படிப்பவனுக்கே வரலாறு வாய் திறக்கும்.