பொலியும் பெருவாயனும்: எழுதப்படாத ஒரு வரலாறு

எமது ஊர்களின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால், பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டு இருக்கும். மரைக்காயர்மார், போடிமார், முதன்முதல் ஹஜ்ஜுக்குப் போனவர், முதலாவது பட்டதாரி ஆகியோரின் பெயர்கள் இருக்கும். அந்தப் பள்ளிவாசலுக்குச் சல்லி வந்த வயலில் சேறு மிதித்தவனுடைய பெயர் இராது. எழுதியவர்களைக் குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. அவர்களும் எழுதியிராவிட்டால் எம்மிடம் ஒன்றுமே இருந்திராது. ஆயினும் விடுபட்டுப் போன பகுதியே பெரிய பகுதி என்பது நோக்கற்பாலது.

இலங்கை முஸ்லிம்கள் என்றதும் வெளியிலுள்ளோர் வியாபாரச் சமூகம் என்றே எண்ணுகின்றனர். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இங்கு நெல்லே வாழ்வு. ஆனால் நெல்லோடு வாழ்ந்ததற்கான எழுத்துச் சான்றை நாம் போதியளவு உண்டாக்கி வைக்கவில்லை.

அந்த வாழ்வு சொற்களில்தான் எஞ்சி நிற்கிறது. வயற்பரப்பு வட்டை எனப்பட்டது. வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனித்தவர் வட்டவிதானையார். நிலத்துக்குரியவர் போடியார். போகம் முழுவதும் வாடியில் கிடந்து, வரம்பு கட்டி, தண்ணீர் மாற்றி, இரவில் பன்றிக்குக் காவலிருந்தவர் முல்லைக்காரர். போகம் முடிவில் அவருக்குக் கூலி நெல்லாகக் கிடைக்கும். அதில் முன்னர் வாங்கிய கடன் கழியும். மிஞ்சியதே வீட்டுக்கு வரும்.

வெட்டிய கதிர் உப்பட்டியாகக் கிடந்து காய்ந்து, பின் சூடாகக் குவிக்கப்பட்டு, களவெட்டியில் மாடுகளால் மிதிக்கப்பட்டது. களவெட்டிக்குள் கால் வைத்தால் பேச்சே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி எனல் வேண்டும். மாடு வாரிக்காலன். கடகம் பெருவாயன். வழமையான பெயரைச் சொன்னால் பூதங்கள் கேட்டு விளைச்சலைக் கவர்ந்து விடும் என்பது பழைய நம்பிக்கை. எமது மார்க்கம் இதை ஏற்காது. நம்பிக்கை தளர்ந்த பின்னரும் சொற்கள் நின்றன. ஸலவாத்துச் சொல்லிக் களத்தில் இறங்கிய முஸ்லிமும், பிள்ளையாரை வணங்கி இறங்கிய தமிழரும் ஒரே களவெட்டி மொழியையே பேசினர். சிங்கள விவசாயிகளிடமும் கமத்தில் பேசுவதற்கெனத் தனிச் சொற்கள் உண்டு. அங்கே எருது அம்பருவா. மூன்று சமூகங்களும் ஒரே தொழிலில் ஒரே பயத்தையும் ஒரே எதிர்பார்ப்பையும் கொண்டிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

பெண்களின் பங்கு இன்னும் மறைந்து கிடக்கிறது. வெட்டு முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கியவர்கள், நெல் அவித்துக் குத்தி அரிசியாக்கி விற்றவர்கள், பன் வெட்டிப் பாய் இழைத்தவர்கள் எமது மூத்தம்மாமாரே. அவ்வரிசிச் சல்லியில் படித்து ஆசிரியர்களானோர் பலர்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் இரு போகச் செய்கைக்கு வழி திறந்தது. புதிய நெல்லினங்கள் வந்தன. பச்சைப்பெருமாளும் சீனட்டியும் பின்தள்ளப்பட்டன. மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. இப்போது வெட்டும் மெஷின் வயலிலேயே நெல்லைச் சாக்கில் கொட்டிவிடுகிறது. சூடு இல்லை, களவெட்டி இல்லை. உடல் நோவு குறைந்தது நல்லதே. ஆனால் சொல்லும் அதனோடு போகிறது. தரம் 10 பிள்ளைகளிடம் களவெட்டி என்றால் என்னவென்று கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் இருவர் சொன்னார்கள். அவ்விருவர் வீட்டிலும் மூத்தாப்பா உயிருடனிருக்கிறார்.

இது வெறும் பழம்பெருமை பேசும் விடயமன்று. 1990இன் வன்செயல்களின் பின் எம்மவர் பலரால் தங்கள் வயலுக்கே போக முடியவில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி கரையோர வீடுகளிலிருந்த உறுதிகளையும் பேர்மிட்டுகளையும் கொண்டு போனது. கடதாசி இல்லாதவனிடம், "நீ இங்கே செய்கை பண்ணினாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கும்போது அவன் சொல்லக்கூடியது வட்டையின் பெயர், வாய்க்காலின் பெயர், பக்கத்துக் காணிக்காரர், முல்லைக்காரர் யாரென்பது மட்டுமே. இவை உறுதிக்கு ஈடாகமாட்டா. ஆனால் எழுதி வைக்கப்பட்டிருந்தால் ஒரு சமூகத்தின் வாய்க்கு வலுவாகும். வியாபாரி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எம்மை அடக்குவோருக்கு அதுவே விடையுமாகும்.

வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். எஸ். முத்துமீரான் எமது கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்தார். அவ்வழியில் ஒவ்வோர் ஊரும் தன் பங்கைச் செய்யலாம். பெரிய செலவில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். பேசியவர் யார், எந்த ஊர், எந்த வட்டை, எந்தத் திகதி என்று முதலில் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள்; செந்தமிழாக்கித் திருத்தாதீர்கள். என்ன கூலி, யாரிடம் கடன், மழை பொய்த்த ஆண்டில் எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். போடியாரிடம் கேட்டதை முல்லைக்காரரிடமும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். வாப்பாவிடம் கேட்டால் உம்மாவிடமும் கேட்க மறவாதீர்கள்.

மாடு விட்டுச் சூடடித்த காலத்தைக் கண்ட எமது முதியோர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வட்டையின் வரலாறு மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னர் உங்கள் ஊரில் ஒருவரிடமாவது கொப்பியோடு போய் உட்காருங்கள்.