பேய்ப் பயமும் கல்லறை விளக்கும்

ஐப்பசி அடைமழையில் மின்சாரம் நின்றுவிட்டால், பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் சிறுவர்க்குப் பேய்ப் பயம் தொற்றிக்கொள்ளும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தவளைகளின் ஓசையே அதற்குப் போதும். நகரிலோ அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்று பேய் வேடமிட்டு மகிழ்வோர் உளர்.

அச்சொல், புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய மாலையையே குறிக்கும். திருத்தந்தை மூன்றாம் கிரகோரியார் (731–741) உரோமைப் புனித பேதுரு ஆலயத்தில் புனிதர் அனைவர் பெயரால் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1 விழா மேலைநாடுகளில் பரவியது. 998ஆம் ஆண்டையொட்டி, குளூனி மடத்தின் அதிபர் புனித ஓதிலோ, மறுநாளை இறந்தோர்க்கான மன்றாட்டு நாளாக ஏற்படுத்தினார். போரில் மாண்டோர் பெருகிய 1915இல், அந்நாளில் குருக்கள் மும்முறை திருப்பலி நிறைவேற்றத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் இசைவளித்தார். இவ்வாறு இறந்தோரைப் பற்றிய அச்சத்தைத் திருச்சபை அன்பின் கடமையாக மாற்றியது.

நம் முன்னோர் இதனைக் கல்லறைத் திருநாள் என்றனர். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றினர். இருள் கவிந்த பின்னும் பிள்ளைகள் அங்கே அஞ்சாமல் நின்றனர். பாட்டனார் உறங்கும் இடமல்லவா அது!

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. வீடு மாறியது, முன்னோரின் கல்லறை உடன் வரவில்லை. பெற்றோரின் குழியில் புல் மண்டிவிடுமோ என்பது முதியோரின் அச்சம். நவம்பர் 2 அன்று அவர்களை அங்கே அழைத்துச் செல்ல ஒரு வண்டி அமர்த்துவோமா? அதுவும் இறந்தோர்க்கான மன்றாட்டே.