சாவா மூவா முதல்: சிராவகர் நெறியும் முதுமைக்கான பொருளும்

போளூருக்கு அருகிலுள்ள திருமலை, தமிழ்ச் சமணர் அனைவரும் அறிந்த திருத்தலம். அங்கு முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழக் கி.பி. 1025ஆம் ஆண்டைச் சார்ந்த அதன் மெய்க்கீர்த்தி, சோழர் படை கங்கை வரை சென்ற செய்தியைக் கூறுவதால் வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் போற்றுவர். ஆயினும் அக்கல்வெட்டு எழுந்த நோக்கம் வேறு. நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள் என்பதைப் பதிவு செய்யவே அது வெட்டப்பட்டது.

'வைத்தல்' என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. கொடுத்த காசு முழுவதையும் எண்ணெயாக்கி எரித்துவிட்டால் அது நந்தா விளக்கு ஆகாது. முதல் கெடாமல் நிற்க, அதன் பொலிசையைக் கொண்டு அறம் நடத்துவதே அக்கால வழக்கம். பொலிசை என்பது இன்றைய வட்டி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாகக் குறிக்கப்படுகிறது. இன்றைய கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆகும்.

காசுக்கு மாற்றாக ஆடு வைப்பதும் உண்டு. 96 ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பர். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவாத ஆடு உலகில் ஏது? கிழடு கழிய, குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. ஈன்ற குட்டிகளையெல்லாம் விற்று உண்டிருந்தால் மந்தை சில ஆண்டுகளில் அழிந்திருக்கும். பயனில் ஒரு பகுதியை முதலுக்கே திருப்பித் தருவதுதான் அதன் சாவாமைக்குக் காரணம். விலைவாசி ஏறும் இக்காலத்தில் வட்டி முழுவதையும் செலவிடும் முதியவர் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.

அளவிடும் விரதம்

பொருளைத் துறக்கச் சொல்லும் சமணம் பொருளைச் சேர்க்கும் வழி கூறுமோ என்று சிலர் ஐயுறலாம். முழுத்துறவு முனிவர்க்குரியது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்தாம் அணுவிரதம் பரிக்ரஹ பரிமாணம், அதாவது உடைமையை அளவிட்டுக் கொள்ளுதல். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இதற்கு இச்சா பரிமாணம் என்ற பெயரையும் சுட்டுகிறார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு.

இவ்விரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களுள் அளவிறந்து சேர்த்தல், பேராசை ஆகியவற்றோடு 'விஸ்மயம்' என்பதும் ஒன்று. பிறர் பெற்ற ஊதியத்தைக் கண்டு வியந்து மயங்குதலே அது. அண்டை வீட்டார்க்கு மாதந்தோறும் பெருவட்டி வருகிறது என்று கேட்டு, ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அறிமுகமில்லாத நிதி நிறுவனத்தில் இட்டு இழந்தோர் பலர். அவர்கள் உள்ளத்தில் முதலில் புகுந்தது பேராசை அன்று, இவ்வியப்பே.

வியப்பு மட்டுமன்று, பழம்பெயரின் மீதுள்ள நம்பிக்கையும் சில வேளைகளில் கைவிடும். சென்னையில் நெடுங்காலம் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் வீழ்ந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அந்தத் துயரின் விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. முதல் அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்தலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

படிநிலைகளின் வரிசை

சிராவகர்க்குரிய பதினொரு நிலைகளுள் எட்டாவது ஆரம்பத் தியாகம். தொழில் முயற்சிகளை விடுதல். ஒன்பதாவது பரிக்ரஹத் தியாகம். உடைமைப் பற்றை விடுதல். பத்தாவது அனுமதித் தியாகம். குடும்ப அலுவல்களில் இசைவு கூறுவதையும் நிறுத்துதல். முதலில் அளவு, பின்னர் ஓய்வு, அதன்பின் ஒப்படைப்பு. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று.

வந்தவாசி, திண்டிவனம், செய்யாறு, ஆரணி வட்டாரச் சமணக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் நிலமே முதல். கூட்டுக் குடும்பமே ஓய்வூதியம். பின்னர் ஆசிரியப் பணியும் அரசுப் பணியும் ஓய்வூதியத்தைத் தந்தன. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தது. தமிழகத்தில் 1-4-2003 முதல் அரசுப் பணியில் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் விதிக்கப்பட்டது. தந்தை பெற்ற உறுதி மகனுக்கு அப்படியே கிட்டவில்லை. எனவே சேமிக்கும் கடமை தனி மனிதரின் தோளில் ஏறியது.

இச்சூழலில் பலர் சிராவக வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். தமக்கு எவ்வளவு வேண்டும் என்று அளவிடுமுன்பே நிலத்தை விற்று மகனின் நகர வீட்டிற்குக் கொடுக்கின்றனர். எஞ்சியதை மகளின் திருமணத்தில் செலவிடுகின்றனர். பின்னர் மருந்துக்கும் ஆலய உண்டியலுக்கும் பிள்ளைகளின் முகம் நோக்குகின்றனர். பற்றினால் கொடுத்துவிட்டு வருந்துதல் துறவாகாது. பிள்ளைகள் பெரும்பாலும் நல்லவரே. ஆயினும் அவர்களுக்கும் வீட்டுக்கடன் உண்டு, பள்ளிக் கட்டணம் உண்டு.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களை வரவு, செலவு, ஈகை ஆகியவற்றின் அளவுக்கே ஒதுக்கினார். ஈகைக்கும் அளவுண்டு என்பது அங்குள்ள தெளிவு. ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, இருவர் ஆயுட்காலத்திற்கும் போதிய முதலைத் தம் பெயரிலும் துணைவியார் பெயரிலும் நிறுத்திய பின்னரே எஞ்சியதைப் பகிர்வது முறை. சொத்தைத் தானமாக எழுதுவோர், தம்மைப் பேணும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்தல் வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால் தானத்தை நீக்கக் கோர, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. இதனைப் பிள்ளைகள் மீதான ஐயமாகக் கருத வேண்டா. சாமுண்டப்பை தன் அறத்தைக் கல்லில் வெட்டுவித்ததும் யார் மீதும் கொண்ட ஐயத்தால் அன்று.

நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையை முறையே உரைப்பன. மூன்றும் நிலையாதவை என்று உணர்ந்தவரே, இளமை உள்ளபோது செல்வத்தை அளவோடு அமைத்து, யாக்கை தளரும்போது கவலையின்றி அறம் நினைக்க வல்லவர். பொருளைப் பற்றிய கவலை ஒழிந்த முதுமையில்தான் ஒன்பதாம் நிலைக்கு உள்ளம் தானே கனியும்.

வாழ்க ஜினதருமம்.